எடை குறைக்கும் ஊசி: யாருக்கு எது?

சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பைப் பற்றி எழுதும்போது, வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் புதிய ஊசிகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே அந்த ஒரு வரியைப் பற்றியவை. பாதத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஏழு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 92 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்பார்மின், கிளிமிபிரைடு, வில்டாகிளிப்டின் ஆகிய மூன்று மாத்திரைகளையும் சாப்பிட்டும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8.4 என்று வந்திருக்கிறது. தைராய்டு மாத்திரையும் எடுக்கிறேன். என் மருத்துவர் செமாக்ளூடைட், டிர்செபடைட் என்று இரண்டு ஊசிகளின் பெயரையும் எழுதிக் கொடுத்து, விலையை விசாரித்துவிட்டு வரச் சொன்னார். சென்னையில் இருக்கும் என் நாத்தனார் இரண்டாவது ஊசியைப் போட்டு ஆறு மாதத்தில் 14 கிலோ குறைந்திருக்கிறார். நானும் அதையே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் நாத்தனாருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு விவரத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அடங்கியிருக்கிறது.

நாம் சாப்பிட்டவுடன் குடலில் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது, மூளைக்குப் போதும் என்று தகவல் சொல்கிறது. நம் உடலில் ஊறும் ஹார்மோன் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். செமாக்ளூடைட் அதைப் போலவே வேலை செய்துகொண்டு, ஒரு வாரத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கியிருக்குமாறு மாற்றி அமைக்கப்பட்ட மருந்து. டிர்செபடைட் இதனோடு ஜிஐபி என்னும் இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. சாம்பார் சாதம் முடிந்து ரசத்துக்குக் கை நீளும்போது, வேண்டாம் என்ற எண்ணம் தானாகவே வருகிறது என்று என்னிடம் வருபவர்கள் சொல்வார்கள். இந்த மருந்துகள் கொழுப்பைக் கரைப்பதில்லை, பசியைத்தான் அடக்குகின்றன.

வலிமையை மட்டும் பார்த்தால் டிர்செபடைட்தான் முன்னால் நிற்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025-இல் வெளியான ஆய்வில், 72 வாரங்களில் டிர்செபடைட் எடுத்தவர்கள் சராசரியாக 20.2 சதவீத எடையையும் செமாக்ளூடைட் எடுத்தவர்கள் 13.7 சதவீத எடையையும் இழந்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதே ஊசிகள் இவ்வளவு எடையைக் குறைப்பதில்லை. அவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில், செமாக்ளூடைட் 2.4 மி.கி. அளவில் 9.6 சதவீதமும், டிர்செபடைட் 10 மி.கி. அளவில் 12.8 சதவீதமும் 15 மி.கி. அளவில் 14.7 சதவீதமும் எடையைக் குறைத்தன. உங்கள் 92 கிலோவில் இது முறையே ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பன்னிரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பதின்மூன்றரை கிலோ. அதுவும் ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் விடாமல் போட்ட பிறகு கிடைத்த கணக்கு. சர்க்கரை இல்லாத ஒருவரின் ஆறு மாதத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஊசியைத் தொடங்கினால், ஐந்தாவது மாதத்தில் உங்களுக்கு மனச்சோர்வுதான் வரும்.

சர்க்கரை அளவைக் குறைப்பதிலும் டிர்செபடைட் சற்று முன்னே நிற்கிறது. 1 மி.கி. செமாக்ளூடைடுடன் ஒப்பிட்ட ஆய்வில், மூன்று மாதச் சராசரியைச் செமாக்ளூடைட் 1.86 புள்ளி குறைத்தது. டிர்செபடைட் அளவுக்கேற்ப 2.01 முதல் 2.30 புள்ளி வரை குறைத்தது. 8.4-இல் இருக்கும் உங்களை எந்த ஊசியும் ஏழுக்குக் கீழே கொண்டுவர வாய்ப்பு உண்டு என்பதால், இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் பெரிதாக எடுத்துக்கொள்வது உங்கள் சிறுநீரகத்தை. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் எவ்வளவு கசிகிறது என்ற பரிசோதனையை நீங்கள் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று எழுதவில்லை. சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் 1 மி.கி. செமாக்ளூடைடைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் மோசமடைவதும் சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ வரும் மரணங்களும் சேர்த்துப் பார்த்தால் 24 சதவீதம் குறைந்தன. உங்களுக்குப் புரதம் கணிசமாகக் கசிந்தால், மூன்று நான்கு கிலோ வித்தியாசத்தை விட்டுக்கொடுத்துச் செமாக்ளூடைடையே எடுங்கள் என்பேன். கசிவு இல்லை, இதயத்திலும் கோளாறு இல்லை, செலவையும் தாங்க முடியும் என்றால் டிர்செபடைட் உங்களுக்குப் பொருந்தும்.

எதை எடுத்தாலும் முதல் ஊசிக்கு முன் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். பல ஆண்டுகளாக உயர்ந்திருந்த சர்க்கரை திடீரென இறங்கும்போது, ஏற்கெனவே பழுதடைந்த விழித்திரை மேலும் மோசமாகக்கூடும். மாத்திரைகளிலும் மாற்றம் தேவை. வில்டாகிளிப்டினும் இந்த ஊசியும் ஒரே வழியில் வேலை செய்பவை என்பதால், ஊசி தொடங்கியதும் அந்த மாத்திரைக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவு. கிளிமிபிரைடு அப்படியல்ல, அது ஊசியோடு சேர்ந்து சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கிவிடும். பெரும்பாலும் பாதியாகக் குறைத்தோ நிறுத்தியோதான் ஊசியைத் தொடங்குவோம். காலை வழிபாட்டில் நிற்கும்போது குப்பென்று வியர்த்துக் கை நடுங்கினால், வெயில் என்று நினைத்துக்கொண்டு நிற்காமல், கைப்பையில் இருக்கும் குளுக்கோஸைச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

தைராய்டு மாத்திரை எடுப்பதால் இந்த ஊசியைப் போடக் கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். தைராய்டு குறைவாகச் சுரப்பதற்காக மாத்திரை எடுப்பது தடை அல்ல. மெடுல்லரி என்னும் அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ ரத்த உறவில் எவருக்கோ வந்திருந்தால்தான் தடை. கணைய அழற்சி வந்து படுத்தவர்களும் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி விலை. டிர்செபடைட் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது, 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய்க்கும் 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய்க்கும் விற்றது. வாரம் ஒரு குப்பி என்றால், 5 மி.கி. அளவிலேயே ஆண்டுக்கு 2,27,500 ரூபாய் ஆனது. செமாக்ளூடைட் எடைக் குறைப்புக்கு வெகோவி என்ற பெயரிலும், சர்க்கரைக்கு ஓசெம்பிக் என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு. அதன் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால், இனி இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகளால் விலை இறங்கும் வாய்ப்பு டிர்செபடைடைவிடச் செமாக்ளூடைடுக்கே அதிகம். மருந்துக்கடையில் தொடக்க அளவின் ஒரு மாத விலையை மட்டும் கேட்காதீர்கள். நடுத்தர அளவுக்கு ஒரு மாதம் எவ்வளவு என்று கேட்டு, இரண்டு ஆண்டுக் கணக்காக அதை இருபத்து நான்கால் பெருக்குங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்பதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவையாறு பக்கம் எங்கள் கிராமம். அப்பாவுக்கு 61 வயது, உயரம் 168 செ.மீ., எடை 96 கிலோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை இல்லை. முன்பெல்லாம் நாற்றங்காலுக்கும் வயலுக்கும் நடந்தவர், இயந்திர நடவு வந்த பிறகு வரப்பில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். இதய மருத்துவர் செமாக்ளூடைட் எழுதியிருக்கிறார். அதைவிட வலுவான ஊசி இருக்கும்போது ஏன் இது?

பதில்: தம்பி, மருத்துவர் எழுதியதுதான் சரி. அப்பாவுக்கு ஊசி தேவைப்படுவது இடுப்புச் சுற்றளவுக்காக அல்ல, இரண்டாவது மாரடைப்பைத் தள்ளிப்போடுவதற்காக.

உங்கள் அப்பாவைப் போன்றவர்களையே வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த, சர்க்கரை இல்லாத, 45 வயதுக்கு மேற்பட்ட, எடை கூடிய 17,604 பேரிடம் செமாக்ளூடைடைச் சோதித்த அந்த ‘செலக்ட்’ ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும், மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு ஆறரைப் பேருக்கும் ஏற்பட்டன. இதையே “20 சதவீதம் குறைவு” என்று எழுதுவார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் நூறு பேரில் ஒன்றரைப் பேர் என்று சொன்னால்தான் நம் வீட்டுக் கணக்குக்குப் புரியும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த ஒன்றரை சின்ன எண் அல்ல.

டிர்செபடைடுக்கும் இதய ஆய்வு உண்டு. ஆனால் அது சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து உள்ளவர்களிடம், துலாக்ளூடைட் என்னும் பழைய வாராந்திர ஊசியோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்டது. பழைய ஊசியைவிடக் குறைந்ததல்ல என்று அதில் தெரியவந்தது. அப்பாவின் நிலைக்கு நேராகப் பொருந்தும் சான்று இன்றைக்குச் செமாக்ளூடைடிடம்தான் இருக்கிறது.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். இதய நோயாளிகளில் பலர் ரத்த அழுத்த மாத்திரையோடு, நீரை வெளியேற்றும் மாத்திரையும் எடுப்பார்கள். ஊசி தொடங்கிய பிறகு சாப்பாடும் தண்ணீரும் குறையும், எடை இறங்க இறங்க ரத்த அழுத்தமும் இறங்கும். கத்திரி வெயிலில் வரப்பில் நின்று திரும்பும்போது தலை சுற்றினால், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் மட்டும், ஊசி வந்துவிட்டது என்று சொல்லி எவரும் நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 24 வயது, உயரம் 160 செ.மீ., எடை 63 கிலோ. தை மாதம் கல்யாணம். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைக்கலாம் என்று தெரிந்த அழகு நிலையத்தில் ஊசி போடச் சொல்கிறார்கள். எந்த ஊசி நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம் அம்மா. மகளின் உடல் நிறை குறியீடு 24.6. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் எடை கூடுதல், 25-க்கு மேல் உடற்பருமன் என்று வைத்திருப்பது உண்மைதான். ஆனால் எடை குறைக்க இந்த ஊசிகளுக்கு அனுமதி கிடைத்திருப்பது குறியீடு 30-ஐத் தொட்டவர்களுக்கும், 27-ஐத் தொட்டு அதனோடு சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற கோளாறு உள்ளவர்களுக்கும்தான். கல்யாணத்தன்று ரவிக்கை சரியாக அமைய வேண்டும் என்பது தையல்காரர் தீர்க்க வேண்டிய விஷயம்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் அழகு நிலையத்தில் போடும் ஊசிக்குள் இருப்பது என்ன என்று போடுபவருக்கே தெரியாது. இன்னொன்றும் உண்டு. செமாக்ளூடைடை நிறுத்தி இரண்டு மாதமாவது கழிந்த பிறகுதான் கருத்தரிக்க வேண்டும். டிர்செபடைட், கருத்தடை மாத்திரை உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். தையில் கல்யாணமாகிப் பங்குனியில் நாள் தள்ளிப்போகும் வீட்டில், இந்த இரண்டையும் எவரும் முன்கூட்டி யோசித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: மயிலாடுதுறையில் வங்கியில் வேலை செய்கிறேன். வயது 39, சர்க்கரை இல்லை. 101 கிலோ இருந்தேன். பத்து மாதம் செமாக்ளூடைட் போட்டு 13 கிலோ குறைந்தேன். செலவு தாங்காமல் நிறுத்தி ஓர் ஆண்டு ஆகிறது. ஒன்பது கிலோ திரும்ப ஏறிவிட்டது. அந்த மருந்து எனக்குப் பயன்படவில்லை என்பதால் டிர்செபடைடுக்கு மாறலாமா?

பதில்: மருந்து பயன்பட்டது, நிறுத்தியதும் நின்றுவிட்டது. மதகை அடைத்துவிட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லையே என்று வாய்க்காலைக் குறை சொல்ல முடியாது.

உங்களுக்கு நடந்ததில் விசித்திரம் எதுவும் இல்லை. 68 வாரம் செமாக்ளூடைட் எடுத்து நிறுத்தியவர்களை மேலும் ஓர் ஆண்டு தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்திருந்தது. பதின்மூன்றில் மூன்றில் இரண்டு என்றால் எட்டரைக்கு மேல். உங்கள் ஒன்பது கிலோ அந்தக் கணக்குக்கு மிக அருகில் வருகிறது. டிர்செபடைடிலும் இதே கதைதான். 36 வாரம் போட்டுவிட்டுப் போலி ஊசிக்கு மாற்றப்பட்டவர்கள் அடுத்த ஓர் ஆண்டில் சராசரியாக 14 சதவீதம் எடை கூடினார்கள், தொடர்ந்து போட்டவர்கள் மேலும் 5.5 சதவீதம் குறைந்தார்கள். ஆகவே முதல் ஊசியை நிறுத்தியதால் வந்த பிரச்சினையை, அதைவிட விலை கூடிய இரண்டாவது ஊசி தீர்க்காது. அதையும் நீங்கள் பத்தாவது மாதத்தில் நிறுத்துவீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரையைப் போல ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய மருந்து இது என்பதைத் தொடங்கும் நாளிலேயே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதது மருத்துவர்களாகிய எங்கள் தரப்பின் குறை. ‘ஆறு மாதக் கோர்ஸ்’ என்று சொல்லிக் கொடுப்பதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கோர்ஸ் இந்த மருந்துக்குக் கிடையாது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முழு அளவுக்குப் பணம் இல்லை என்றால், எடை கூடாமல் நிற்கும் குறைந்த அளவு எது என்று மருத்துவரோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். எல்லாருமே 2.4 மி.கி. வரை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மீண்டும் தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். வீட்டில் மிச்சமிருந்த 1.7 மி.கி. ஊசிப் பேனாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் விடாமல் வாந்தி எடுத்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வந்தவரைப் பார்த்திருக்கிறேன். 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாகத்தான் மறுபடியும் ஏற வேண்டும். எந்த அளவிலும் தொடர்ந்து செலவழிக்க வழியில்லை என்றால், தொடங்காமல் இருப்பதும் நியாயமான முடிவுதான். இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது, ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பு மட்டுமே திரும்புகிறது. ஏறி இறங்கி விளையாடுவதால் உடலுக்கு நட்டம்தான்.

கேள்வி: திருவாரூரிலிருந்து ஒரு வாசகி. டிர்செபடைட் போட ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எப்போதும்போல் சாப்பிட்டேன், அன்று இரவு முழுக்க வாந்தி. மருந்தை மாற்ற வேண்டுமா? என்ன சாப்பிடுவது?

பதில்: மருந்தை மாற்ற வேண்டாம், இலையை மாற்றுங்கள். ஆறாவது வாரம் என்றால் 2.5-இலிருந்து 5 மி.கி.க்கு ஏறி இரண்டு வாரம் ஆகியிருக்கும். குமட்டல் அதிகமாக வருவது இப்படி அளவு கூட்டும் நாட்களில்தான். இரைப்பை மெதுவாகக் காலியாகும் நிலையில், வடை, அப்பளம், நெய் சேர்த்த பருப்புச் சாதம், பாயசம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்த் தேங்கினால் மேலே வருவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. இரண்டு ஊசிகளுக்கும் இந்தத் தொல்லை பொதுவானது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுவதால் அது தீர்ந்துவிடாது. குமட்டல் அடங்கும்வரை அடுத்த படிக்கு ஏறாமல் இதே அளவிலேயே இன்னும் நான்கு வாரம் இருக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்கு வாந்தியைவிடக் கவலை தருவது, வாந்தி நின்ற பிறகு நம்மவர்கள் சாப்பிடும் முறை. பசி இல்லை என்றதும் காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு பிடி மோர்ச் சாதம், இரவு ஒரு வாழைப்பழம் என்று சுருங்கிவிடுகிறார்கள். மூன்று வேளையும் மாவுப்பொருள்தான், புரதம் இல்லை. நெல் விளையும் ஊர்க்காரர்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. இந்த ஊசி போடும் காலத்தில் அதைத் தலைகீழாக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் கொஞ்ச இடத்தில் முதலில் மீனும் முட்டையும் சுண்டலும் போகட்டும், மிஞ்சிய இடத்துக்குச் சோறு. ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ இருபது கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்து கிராமுக்கு அருகில் புரதம் இருக்கிறது. ஒரு நாளைக்கு அறுபது கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சோற்றை விடவே மாட்டேன் என்பவர் நீராகாரத்தை வைத்துக்கொண்டு சோற்றைக் குறைக்கலாம். நீர்ச்சத்து குறையாமல் இருக்கவும் மலச்சிக்கலுக்கும் அது நல்லது.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும், விட்டு விடாத கடும் வலி வந்தால் அது பந்திச் சாப்பாட்டின் வேலை அல்ல. கணைய அழற்சியோ பித்தப்பைக் கல்லோ இருக்கலாம். சோடா குடித்துப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அடுத்த ஊசியைப் போடாதீர்கள்.

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் இருக்கிறோம். எனக்கும் என் கணவருக்கும் ஒரே ஊசியை எழுதியிருக்கிறார்கள். நான்கு டோஸ் உள்ள பேனா ஒன்றை வாங்கி, முனை ஊசியை மட்டும் மாற்றி இருவரும் போட்டுக்கொண்டால் செலவு குறையுமே?

பதில்: கூடவே கூடாது. குத்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பேனாவுக்குள் பின்னோக்கிப் போகலாம். முனையை மாற்றினாலும் அது உள்ளேயே இருக்கும். மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகளும் எச்ஐவியும் பரவ அது போதும், கணவன் மனைவி என்று கிருமி பார்ப்பதில்லை. அதுவும் தவிர, நான்கு டோஸை இருவர் பங்கிட்டால் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடுமே, இதில் மிச்சம் எங்கே?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் கடற்கரைக் கிராமம். புயல் காலத்தில் மின்சாரம் நாள்கணக்கில் இருக்காது. ஊசியைத் தஞ்சாவூரிலிருந்து பேருந்தில்தான் வாங்கி வர வேண்டும். கெட்டுப்போகாமல் எப்படி வைத்துக்கொள்வது? இரண்டு ஊசிகளில் எது இதற்குத் தாங்கும்?

பதில்: இவ்வளவு கேள்விகளில் இந்த ஒன்றுதான் என்னை நின்று யோசிக்கவைத்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் உங்கள் வேதாரண்யத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது இன்சுலின் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

பயன்படுத்தத் தொடங்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. குளிர்ப்பெட்டிக்கு வெளியே, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில், பேனாவின் வகையைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாரம் வரை தாங்கும். எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும், வாங்கிய அன்றே அந்த எண்ணைப் பேனாவின் பெட்டியின்மேல் எழுதிவையுங்கள். ஆகவே தாங்குவதில் ஒன்று உசத்தி, ஒன்று தாழ்த்தி என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் மின்சாரம் போனதற்காக எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஆனால் வெளியே இருந்த நாட்களைக் குறித்துவைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டின் உள்ளறை பெரும்பாலும் 30 டிகிரிக்குள்தான் இருக்கும். உண்மையான எதிரி சித்திரை, வைகாசி. அப்போது மின்சாரம் போனால், ஈர மணல் நிரப்பிய அகன்ற மண்சட்டிக்குள் சிறிய மண்கலயத்தை வைத்து, பேனாவை ஈரம் படாத டப்பாவில் போட்டுக் கலயத்துக்குள் வைத்து மூடுங்கள். அந்த வெயில் காலத்தில் அது ஓரளவு குளிரும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு குளிராது, அப்போது அது தேவையும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்காதீர்கள். கையில் ஒரு பேனாவுக்கு மேல் இருக்க வேண்டாம்.

புயலில் மாட்டி ஒரு வாரம் ஊசி போட முடியாமல் போனால் பதற வேண்டாம். டிர்செபடைட் என்றால் நாள் தவறி நான்கு நாட்களுக்குள் போட்டுக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த முறைக்குரிய நாளில் போடுங்கள். வெகோவி என்றால் அடுத்த ஊசிக்கு இரண்டு நாட்களுக்கு மேல் இருந்தால் மட்டும் போடலாம். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடுவது மட்டும் கூடாது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால், எந்த அளவிலிருந்து தொடங்குவது என்று மருத்துவரைக் கேட்ட பிறகே போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து வரும்போது செய்யும் தவறு வேறு. வெயிலுக்குப் பயந்து பேனாவை நேராக ஐஸ் கட்டியின் மேல் வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு துண்டோ கெட்டித்துணியோ இருக்க வேண்டும். வீட்டிலும் குளிர்ப்பெட்டியின் ஐஸ் தட்டை ஒட்டி வைக்காமல், காய்கறித் தட்டுக்கு மேலே உள்ள தட்டில் வையுங்கள். ஒரு முறை உறைந்துபோன பேனா, உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும் அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.